இனம் என்ற கட்டம்

ஐந்து மணிக்குப் பதிவு முடியும். சந்திரமதி மேசைக்கு வந்தபோது நாலே முக்கால்.

1958, டிசம்பர். சிங்கப்பூர், தேக்காவில் ஒரு துணிக்கடையின் மேல்மாடி. தமிழர் விழாப் பேச்சுப் போட்டிக்கு அங்கேதான் பெயர் எழுதினார்கள். எழுதிக்கொண்டவர் தியாகராசா, யாழ்ப்பாணத்துக்காரர், அரசாங்கக் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமையும் டை கட்டியிருந்தார்.

சந்திரமதி படிவத்தை நீட்டினாள். வயது பத்தொன்பது. தந்தை செல்லக்கண்ணு, செம்பவாங் கப்பல் பட்டறை. மொழி: தமிழ். இனம்: தமிழர்.

அவர் படிவத்தைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

“பிள்ளை, உம்மட ஐசியைக் காட்டும்.”

அடையாள அட்டையை எடுத்து வைத்தாள். அதில் சீனர் என்று இருந்தது.

“இருபது நாள் குழந்தையா வாங்கி வளர்த்தாங்க சார். சீனத்துல எனக்குப் பத்து வரைக்கும் எண்ணக்கூடத் தெரியாது.”

“அது விளங்குது. விதியில தமிழர் மட்டும் எண்டு கிடக்கு. நான் என்ன செய்யிறது?”

“எனக்கு முன்னால பதினோரு பேர் எழுதிட்டுப் போனாங்க. எத்தனை பேர்கிட்ட ஐசி கேட்டீங்க?”

யாரிடமும் கேட்கவில்லை. தியாகராசா பேனாவை மூடி வைத்தார். அவளுக்குப் பின்னால் நின்றவனைப் பார்த்தார். அப்துல் அலீம். போன வருடம் முதல் பரிசு வாங்கியவன்.

“தம்பி, உம்மட ஐசி?”

“வீட்டுல இருக்கு. என்னைத் தெரியாதா சார்? கோப்பையை நீங்கதான எடுத்துக் குடுத்தீங்க?”

“தெரியும். ஐசி இல்லாட்டி எழுதேலாது. எல்லாருக்கும் ஒரே சட்டம்.”

“நல்லா இருக்கு லா! நீங்க பேசுறதக் கேட்டா எங்க மாமா, நீங்க மலையாளியான்னு கேப்பாரு. உங்ககிட்ட யாரு ஐசி கேட்டது?”

“உங்கட மாமாவுக்குக் காது பழுது.”

ஆனாலும் தன் அட்டையை எடுத்து மேசையில் போட்டார். அலீம் குனிந்து படித்தான்.

“சிலோன்காரர்னு போட்டிருக்கு. தமிழர்னு இல்லையே. அப்ப நீங்க எப்படி சார் மேசைக்குப் பின்னால?”

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தியாகராசா அட்டையைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் வைத்தார். காது மடல் சிவந்திருந்தது.

அலீம் குரலைத் தாழ்த்தினான். “சார், போன மாசம் செம்பவாங் படிப்பகத்துல இந்தப் பொண்ணு என்னைத் தோக்கடிச்சிருச்சு. இதை விட்டுட்டு நான் ஜெயிச்சா, எதிராளியைத் தடுத்துட்டு ஜெயிச்சான்னு சொல்லுவாங்க. எழுதுங்க. மேடையில பாத்துக்குறேன்.”

“பாருங்க,” என்றாள் சந்திரமதி. “அன்னைக்கு மாதிரி நடுவுல தண்ணி கேக்காதீங்க.”

“அன்னைக்கு ஜுரம்.”

“ஆமாமா. நான் பேசி முடிச்சதும் வந்த ஜுரம்.”

ஐந்துக்கு நான்கு நிமிடம் இருந்தது. தியாகராசா பேனாவைத் திறந்தார்.

“ஒண்டு செய்வம். இனம் எண்ட கட்டத்தை வெறுமையா விடுவம். பேரும் மொழியும் இருந்தாக் காணும். ஒருத்தரும் கேக்க மாட்டினம்.”

தமிழர் என்ற சொல்லை அடிக்கப் போனார். சந்திரமதி அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“தோத்தா யாரும் கேக்க மாட்டாங்க சார். ஜெயிச்சா கேப்பாங்க. அப்ப கட்டம் காலியா இருந்தா கோப்பையைத் திருப்பி வாங்கிருவாங்க.”

“வெல்லுவன் எண்டு அவ்வளவு நம்பிக்கையோ?”

“இல்லாமலா செம்பவாங்லேருந்து ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன்?”

கையை அவள் எடுக்கவில்லை. அவரும் எடுக்கச் சொல்லவில்லை. மாடிப்படியில் யாரோ கதவைச் சாத்தலாமா என்று கேட்டார்கள்.

“பொறும்,” என்று உரக்கச் சொன்னார். பிறகு அவளிடம், “கையை எடும். அடிக்கேல்ல.”

எடுத்தாள். தமிழர் என்ற சொல்லுக்குப் பக்கத்தில், கட்டத்துக்குள்ளேயே அடங்கும்படி, அவர் தன் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி நிதானமாகப் படித்தாள்.

“தேதியும் போடுங்க சார்.”

போட்டார்.

“அடுத்தது நீர்தான், வாரும்,” என்றார் அலீமிடம். “உமக்கும் நானே கையெழுத்துப் போடுறன்.”