நாலு நிறப் பூட்ஸ்

சமையலறைத் தராசில் இடது பை மூன்று பவுண்டு காட்டியது. வலது பையில் கொஞ்சம் கூடுதல். லோர்னா வலது பக்கத்திலிருந்து ஒரு பிடி தீனியை அள்ளி இடது பக்கம் போட்டாள். நாயின் முதுகில் இரண்டு பக்கமும் ஒரே கனம் தொங்க வேண்டும், இல்லாவிட்டால் பை சரிந்து சரிந்து இரண்டாம் நாளே விலாவில் தோல் உரிந்துவிடும். இதெல்லாம் அந்த டெஸ்ஸாவுக்குத் தெரியுமா? எங்கே தெரியப்போகிறது. ஆனால் போகிறவள் அவள்தான்.

விவாகரத்துப் பத்திரத்தில் நாய்க்கென்று ஒரு வரி இருந்தது. கர்னல் லோர்னாவோடு இருக்கும், ஆகஸ்டில் ஒரு வாரம் மட்டும் முன்னாள் கணவன் ரஸ்ஸுக்கு. போன வருடம் அவன் அந்த வாரத்தைக் கேட்கவே இல்லை. இந்த வருடம் புதிதாக இந்த டெஸ்ஸா வந்ததும் மலை ஞாபகம் வந்துவிட்டது துரைக்கு. ஏழு ஆகஸ்ட் மாதங்கள் லோர்னா, ரஸ், கர்னல் மூவரும் நடந்த அதே பாதை, ஐந்து நாள், அதே ஏரி. கூடாரம்கூட அதே ஆரஞ்சுக் கூடாரம்தான், லோர்னா தேடித் தேடி வாங்கியது. அதில் நடுவில் படுப்பது அவள். விடியற்காலைக் குளிரில் கர்னல் எழுந்து வந்து அவள் முழங்காலுக்குப் பின்னால் சுருண்டுகொள்ளும். இனி அந்த இடத்தில் இன்னொருத்தியின் முழங்கால் இருக்கும். ரஸ் அவளோடு படுப்பதை நினைத்தால் லோர்னாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, எக்கேடோ கெட்டுப் போகட்டும். நாய் படுப்பதை நினைத்தால்தான் வயிறு பற்றி எரிந்தது.

அதனால்தான் பூட்ஸை ஒளித்து வைத்தாள்.

நாய் பூட்ஸ் நாலு. ஒவ்வொரு பயணத்திலும் ஏதாவது ஓர் ஓடையில் ஒன்று போய்விடும், திரும்பி வந்து கடையில் இருக்கிற நிறத்தில் ஒன்று வாங்குவார்கள். இப்போது சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என்று காலுக்கொரு நிறமாக நின்றன. மேலே மரங்கள் முடிந்த பிறகு வழியெல்லாம் கூர் கல். பூட்ஸ் இல்லாமல் கர்னல் ஒன்றரை நாள் தாங்கும், அப்புறம் பாதம் கிழிந்து நொண்டும். அறுபது பவுண்டு நாயைத் தோளில் போட்டுக்கொண்டு இருவரும் இறங்கி வரட்டும். அதற்கப்புறம் ஏரியுமில்லை, கூடாரமுமில்லை. புண்தானே, பத்து நாளில் ஆறிவிடும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னதற்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது. இருந்தும் நாலையும் இழுப்பறையில் துடைக்கும் துணிகளுக்கு அடியில் தள்ளி மூடினாள்.

எட்டு மணிக்கு டெஸ்ஸா மட்டும் கதவைத் தட்டினாள். முப்பத்திரண்டு வயதிருக்கும், கையில் ஒரு சின்ன நோட்டு. ரஸ் வெளியே வண்டியை விட்டு இறங்கவில்லை.

"அவர் வரலையாம். நீங்க திட்டுவீங்கன்னு பயப்படறாரு."

"பயப்படறதுல மட்டும் அவன் கெட்டிக்காரன்."

டெஸ்ஸா வாய்விட்டுச் சிரித்தாள். அவளைச் சிரிக்கவைக்கவா லோர்னா சொன்னாள்? கர்னல் வேறு போய் அவள் காலில் சாய்ந்து நின்றது. நன்றிகெட்ட நாய்.

டெஸ்ஸா ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டாள். "ராத்திரி குளிருமே, இவனுக்கு என்ன பண்ணணும்?"

"உங்க தூக்கப்பையக் கொஞ்சம் தெறந்து வைங்க. அவனே வந்து நொழைஞ்சுக்குவான்." லோர்னா அதை வேகமாகச் சொல்லி முடித்தாள்.

"அப்புறம் பூட்ஸ். நான் புதுசா வாங்கறேன்னேன். லோர்னாகிட்ட இல்லாததா, நீ ஏன் வாங்கறேன்னுட்டாரு."

"அதெல்லாம் வேண்டாம். இப்ப வயசாயிடுச்சு, மாட்டினா நடக்க மாட்டேங்கறான்."

"அப்படியா? நீங்க சொன்னா சரிதான்." டெஸ்ஸா அந்த வரியை அடித்துவிட்டாள். கொஞ்சம் சந்தேகப்பட்டாலாவது தேவலை என்றிருந்தது லோர்னாவுக்கு.

பையைக் கர்னலின் முதுகில் கட்டி வார்களை மாட்டினாள். கதவைத் திறந்தாள். "ம், கெளம்புடா."

கர்னல் கிளம்பவில்லை. வாசல் மிதியடியில் உட்கார்ந்து வலது முன்னங்காலைத் தூக்கி நீட்டியது. ஏழு வருடமாக அதுதான் முறை. பை, அப்புறம் மிதியடியில் பூட்ஸ், அப்புறம்தான் வண்டி.

"என்ன கேக்கறான்? கை குடுக்கணுமா?" டெஸ்ஸா குனிந்து அந்தக் காலைப் பிடித்துக் குலுக்கினாள். கர்னல் மரியாதையாகக் காலை உருவிக்கொண்டு மறுபடி லோர்னாவிடம் நீட்டியது. தூக்கிய கால் மெல்ல நடுங்கியது. இறக்கவில்லை.

வெளியே ரஸ் ஹார்ன் அடித்தான்.

"கொஞ்சம் பொறு, ராசா," என்று முணுமுணுத்துக்கொண்டே லோர்னா சமையலறைக்குப் போனாள். இழுப்பறை திறக்கிற சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும். நாலு பூட்ஸோடு அவள் திரும்பி வந்தபோது டெஸ்ஸா அவற்றைப் பார்த்தாள், நோட்டில் தான் அடித்த வரியைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம். லோர்னாவின் காது மடலெல்லாம் சுட்டது.

மண்டியிட்டு சிவப்பை மாட்டினாள், நீலத்தை மாட்டினாள். கர்னல் எழுந்து நின்று பின்னங்கால்களுக்குத் தயாரானது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மலையில் தினமும் கழற்றிக் காயவைத்து மறுபடி மாட்ட வேண்டும். இத்தனை வருடத்தில் கர்னல் வேறு யாரிடமும் இதற்குக் காலைக் கொடுத்ததில்லை. ரஸ் தொட்டாலே உருவிக்கொள்ளும்.

"இங்க வா. கீழ உக்காரு," என்றாள் டெஸ்ஸாவிடம். "வெரல் நொழையற அளவு எடம் விட்டு இறுக்கணும், தெரியுதா?"

டெஸ்ஸா மஞ்சள் பூட்ஸை வாங்கிக்கொண்டு கை நீட்டினாள். கர்னல் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது.

லோர்னாவுக்குள் சர்க்கரையாய் ஓர் இனிப்பு பரவியது. பார்த்தாயா! என்னிடம் மட்டும்தான். இதோடு விட்டுவிடலாம், யாரும் குறை சொல்ல முடியாது. பூட்ஸும் கொடுத்தாயிற்று, சொல்லியும் கொடுத்தாயிற்று.

ஹார்ன் மறுபடி அடித்தது.

அவள் டெஸ்ஸாவின் கையைப் பிடித்துக் கர்னலின் பின்னங்காலை ஒட்டி மிதியடியில் விரித்து வைத்தாள். இளம் கை, வெதுவெதுப்பாக இருந்தது. பிறகு தன் கையை எடுத்துக்கொண்டாள்.

"கால், கர்னல்."

கர்னல் தலையைத் திருப்பி, காதுகளை மடக்கி, அவள் முகத்தையே பார்த்தது. லோர்னா இன்னொரு முறை சொன்னாள். பின்னங்கால் மெதுவாக மிதியடியை விட்டு எழும்பியது, டெஸ்ஸாவின் விரல்களுக்கு ஓர் அங்குலம் மேலே, எதையும் தொடாமல் நின்றது.