ஈரப்பலா மரத்தடியில் மூன்று முடிவுகள்

1

இந்தக் கதையின் முதல் வரியை என் நாய்க்குட்டி நனைத்துவிட்டது. சிரிப்புக்காகச் சொல்லவில்லை, நடந்ததே அதுதான். அந்த வரி இப்படி இருந்தது:

"1931ஆம் ஆண்டு, தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் பங்களாவில், மழை ஓயாத ஒரு காலையில்,"

மழை ஓயாத அந்தக் காலையில் என்ன நடந்ததென்று நான் எழுதியிருந்தது மை கரைந்து போய்விட்டது. சரி, போகட்டும் என்று இரண்டாவது தொடக்கம் எழுதினேன். "வேலாயி ஒன்றும் தெரியாதவள்." மூன்றே சொல். நல்ல தொடக்கம் என்று இன்றும் நினைக்கிறேன். அதுவும் நனைந்தது.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கதை எழுதும்போது தாள்களைத் தரையில் விரித்து, எது முன்னே எது பின்னே என்று வரிசை பார்ப்பேன். கண்டி கட்டுக்கலையில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் முன்னறை இந்த 1937ஆம் வருடம் முழுவதும் அப்படித்தான் கிடந்தது. என் மனைவி கமலம் அதைத் தாண்டித் தாண்டி நடந்து பழகிவிட்டாள். குட்டிக்குத் தாண்டத் தெரியவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் கமலம். "குட்டி உங்கட கதையை வாசிச்சுப்போட்டு அபிப்பிராயம் சொல்லியிருக்கு."

எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்களிடம் இலக்கிய விமர்சனம் இந்த அளவில்தான் கிடைக்கும். ஆனால் மாலையில் அவள் சிரிக்கவில்லை. "இந்த மாசத்துக்குள்ள உது திருந்த வேணும். இல்லாட்டி ராஜலிங்கத்தாரிட்டையே திருப்பிக் குடுத்துவிடுவன், ஓம்."

ராஜலிங்கம் என்னோடு கந்தோரில் வேலை செய்பவர். தம் வீட்டு நாய் போட்ட குட்டிகளில் ஒன்றைச் செய்தித்தாள் விரித்த பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து தந்தார். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் குட்டி என் செருப்பின்மேல் தலைவைத்துத் தூங்கத் தொடங்கிய பிறகு அதைத் திருப்பிக் கொடுப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை. இதை வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

2

கதை எனக்குக் கிடைத்தது கண்டி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், கறுப்பையாவின் தேத்தண்ணிக்கடையில். கறுப்பையா முன்பு தெல்தோட்டைப் பக்கம் ஒரு துரை பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர். என் குறையை நான் புலம்ப, அவர் கண்ணாடிக் குவளையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"மூணே நாளுங்க ஐயா. எங்க தொர வாங்குன குட்டியும் இப்புடித்தான். ஹோல் நடுவுல, தொரயோட சாய்வுக் கதிரை பக்கத்துல, ஒரே எடத்துல. நான் என்னா செஞ்சேன்? மூக்கப் புடிச்சு அந்த எடத்துல தேய்ச்சேன். பேப்பரச் சுருட்டி முதுகுல ரெண்டு போட்டேன். நாலாம் நாளு தொர மாதிரியே நடந்துச்சு."

"அப்ப பங்களாவில வேற ஆக்கள் ஒருத்தரும் இல்லையோ?"

"இருந்தா ஒருத்தி, வேலாயின்னு. வூடு கூட்டித் தொடைக்கிறவ. அவளாலதான் நாயே கெட்டுச்சு. ஒன்னும் தெரியாதவ."

(இந்த இடத்தில் கறுப்பையாவின் முகத்தை வருணித்து ஆறு வரி எழுதியிருந்தேன். அடித்துவிட்டேன். அவருக்கு மீசை உண்டு, அது போதும்.)

3

கறுப்பையாவையே கதாநாயகனாக வைத்து எழுதத் தொடங்கினேன். எழுதியபடியே என் குட்டியிடம் செய்தும் பார்த்தேன். மூக்கைத் தேய்த்தேன். அது என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்கு மனம் வரவில்லை. அன்றைய பத்திரிகையைச் சுருட்டி முதுகில் இரண்டு போட்டேன். போட்டதும் எனக்கே கை கூசியது. பத்திரிகையைக் கீழே எறிந்தேன். குட்டி நேரே போய் அதன்மேல் ஒன்றுக்கு இருந்துவிட்டது.

(வாசகரே, நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு அப்போது புத்தி எட்டவில்லை. என்னை அவசரப்படுத்தாதீர்கள்.)

நாலாம் நாளும் தரை நனைந்தது. என் வீட்டுத் தரையில் பலிக்காத ஒன்றை என் கதையில் எப்படிப் பலிக்க வைப்பது? கறுப்பையாவைக் கதாநாயகன் பதவியிலிருந்து இறக்கினேன். அந்தக் குட்டியை உண்மையில் திருத்தியது யாரென்று அறிய ஒருவரைத்தான் கேட்கலாம். ஒன்றும் தெரியாதவள் என்று கறுப்பையா சொன்னாரே, அந்த வேலாயியைத்தான்.

4

ஞாயிற்றுக்கிழமை தெல்தோட்டைக்குப் பஸ் ஏறினேன். "பனி போர்த்திய மலைகளினூடே பஸ் வளைந்து" — வேண்டாம். பஸ் முழுக்கக் கருவாடு மணந்தது. எனக்குத் தலைசுற்றியது. போய்ச் சேர்ந்தேன்.

வேலாயியைக் கண்டுபிடித்தேன். எங்கே, எந்த நிலையில் கண்டேன் என்பதை இப்போது சொன்னால் கதை போச்சு. அதை மறைத்து வைத்திருக்கிறேன் என்பதை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாற்பது வயது இருக்கும். உட்காரும்போது வலது காலை நீட்டித்தான் உட்கார்ந்தார்.

"மலையில புல்லு வெட்டப் போயி உழுந்தேங்க. முட்டி போயிருச்சு. ஏத்தம் ஏற முடியாதுங்க. பெரிய தொர பாவம் பாத்து பங்களாவுக்குப் போட்டாரு. அந்த வேலையும் போச்சுன்னா மலைக்குத்தான் போவணும். ஏற முடியலன்னா பத்துச்சீட்டுதான்."

பத்துச்சீட்டு என்றால் தோட்டத்திலிருந்து பேர் வெட்டி அனுப்பும் சீட்டு. பேர் போனால் தோட்டத்தார் குடியிருக்கத் தந்த லயத்து அறையும் போய்விடும். வேலாயிக்குப் புருசனும் இல்லை, பிள்ளையும் இல்லை. இருந்தது எட்டடிக்குப் பத்தடியில் அந்த ஓர் அறை.

குட்டிக்குத் துரை வைத்த பெயர் டியூக். வேலாயி வாயில் அது டூக்கு. வந்து இரண்டு வாரம் தினமும் அதே இடம், சிவப்புச் சிமெந்துத் தரையில் சாய்வுக் கதிரையின் இடதுபக்கம். துரை புதிதாகக் கல்யாணம் கட்டிய துரைசாணி, கப்பலில் வந்து, அந்தச் சனிக்கிழமை கண்டிக்கு ரயிலில் வருவதாக இருந்தார். அதற்கு முந்திய ஞாயிறு துரை நனைந்த சப்பாத்தோடு சமையலறை வாசலுக்கு வந்து, தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னாராம்:

"சனிக்கிழமை தொரசாணி வருது. அன்னிக்குத் தரை நனைஞ்சா, நாய்க்குத் துப்பாக்கி. ஒனக்கு மலை."

5

இனி வருவது வேலாயி என்னிடம் சொன்னது. நான் கூட்டியது மிகக் கொஞ்சம்.

கறுப்பையா மூக்கைத் தேய்த்ததும் அடித்ததும் உண்மைதான். ஒவ்வொரு தடவையும் குட்டி கத்திக்கொண்டு வேலாயியின் சேலைக்குள் ஒளிந்தது. மறுநாள் மறுபடி அதே இடம். வேலாயி குந்த முடியாமல் குந்தி, தண்ணீரால் கழுவி, பிறகு யாரும் பார்க்காத நேரம் ஒன்று செய்துவந்தார். பால்மாட்டுக் கொட்டிலில் எடுத்த சாணியைத் தண்ணீராகக் கரைத்து, அந்த இடத்தை மெழுகித் துடைத்தார்.

"பங்களாவிலயா?" என்றேன்.

"பின்ன? அசிங்கம் பட்ட எடம். பொழுது சாஞ்சா அந்த ஹோல்ல நாந்தான் வெளக்கு வைக்கணும். சாணித்தண்ணி தொட்டுத் தொடைக்காம எப்புடிங்க வெளக்கு வைக்கிறது? தொர வூடுன்னா என்னா, வூடு வூடுதானே. தண்ணியாத்தான் கரைப்பேன். மேல பொலிஷ் போட்டுருவேன். தொர குடிக்கிற சுங்கான் பொகையில ஒன்னும் தெரியாது."

செவ்வாய்க்கிழமை மழை கொஞ்சம் விட்டிருந்தது. குட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் போய், புல்லில் விட்டுக் கெஞ்சிப் பார்த்திருக்கிறார். அது வண்ணத்துப்பூச்சியைத் துரத்தியது, அவர் கால் விரலைக் கடித்தது, கேட்ட ஒன்றை மட்டும் செய்யவில்லை. அந்த நேரம் பால்மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, கொய்யா மரத்தடியில் சாணி போட்டுவிட்டுப் போனது. குட்டி ஓடியது. மோந்தது. இரண்டு சுற்றுச் சுற்றியது. இருந்தது.

வேலாயி அங்கேயே நின்றார். மெல்லத் தன் வலது கையைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோனார்.

"அது மாட்டுக் கொட்டில்ல பொறந்த குட்டிங்க ஐயா, பக்கத்துத் தோட்டத்துல. அதுக்குச் சாணி வாடை இருந்தா அதான் போற எடம். நான் என்னா செஞ்சிருக்கேன்? தெனம் ரெண்டு வேள ஹோலுக்கு நடுவுல மெழுகி, இங்கதான்டா ராசா, இங்கதான்டான்னு எடம் காட்டியிருக்கேன். அதுவும் சொன்ன பேச்சு தட்டாம செஞ்சிருக்கு. அதுக்கு அடி வேற."

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. எனக்கும்தான்.

பிறகு நடந்ததெல்லாம் வேகம். கறுப்பையாவின் அலுமாரியிலிருந்து ஒரு போத்தல் வினாகிரியை, ஊறுகாய்க்கு ஊற்றும் புளிக்காடியை, எடுத்து, கொதிதண்ணீரோடு கலந்து, கதிரையின் இடதுபக்கத்தை நாலு தடவை தேய்த்துக் கழுவினார். சாணியைக் கொண்டுபோய்க் கொய்யா மரத்தடியில் பாய் அகலத்துக்கு மெழுகினார். மழை கழுவக் கழுவ மறுபடி மெழுகினார். குட்டி தின்றதும், எழும்பியதும், விளையாடி முடித்ததும் தூக்கிக்கொண்டு அங்கே ஓடினார். (ஓடினாராம். அந்த முழங்காலோடு.) காரியம் முடிந்ததும் ரொட்டித் துண்டு ஒன்றும், "என் ராசா" என்று ஒரு முத்தமும். புதன் ஒரு தவறு. வியாழன் ஒன்றுமில்லை. வெள்ளி குட்டியே பின்கதவைப் பிறாண்டியது.

6

சனிக்கிழமை.

(இதை நாலு விதமாக எழுதினேன். முதல் மூன்றிலும் வானம் இடித்தது. நாலாவதில் மழை மட்டும் பெய்கிறது.)

துரைசாணி ஹோலில் உட்கார்ந்திருக்கிறார். கறுப்பையா தேத்தண்ணித் தட்டோடு நிற்கிறார். வெள்ளைக்காரர் இருக்கும்போது வேலாயி ஹோலுக்குள் வரக்கூடாது. உள்வாசல் திரைக்குப் பின்னால் நின்று, திரைச்சீலையின் கிழிசல் வழியாகத் தரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

குட்டி புதுச் சப்பாத்துகளை மோந்தது. வாலாட்டியது. பிறகு, யாரோ கூப்பிட்டதுபோல், சாய்வுக் கதிரையின் இடதுபக்கம் போனது. மூக்கைத் தரையில் வைத்தது. ஒரு சுற்றுச் சுற்றியது.

துரை கோப்பையைக் கீழே வைத்தார். துப்பாக்கி அவருக்குப் பின்னால் சுவரில்தான் இருந்தது.

"நாலு தடவ கழுவுனோமே, அஞ்சாவது தடவ கழுவாம வுட்டோமேன்னு நெனச்சேன்."

குட்டியின் மூக்கில் வினாகிரி நெடி ஏறியது. தும்மியது. தலையை உதறிக்கொண்டு நாலு பக்கமும் பார்த்தது. பார்த்துவிட்டு ஒரே ஓட்டம், கறுப்பையாவின் காலிடுக்கால், திரைக்குக் கீழால், வேலாயியைத் தாண்டிப் பின்கதவுக்கு! பிறாண்டியது. வேலாயி தாழ்ப்பாளை இழுத்தார். மழைக்குள் அது போக, பின்னாலேயே அவரும் நொண்டி நொண்டிப் போனார். கொய்யா மரத்தடியில் அது இருந்தது. மிக நீண்ட நேரம் இருந்ததாம்.

"நான் மழையில நின்னு கும்புட்டேங்க ஐயா. நாயக் கும்புட்டேனா சாமியக் கும்புட்டேனான்னு மட்டும் கேக்காதீங்க."

தலை நனைந்து உள்ளே வந்தபோது துரைசாணி சன்னலருகே நின்று எல்லாம் பார்த்திருந்தார். ஹோலுக்குள் வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். எப்படிப் பழக்கினாய் என்று துரைசாணி கேட்க, துரை அதைத் தமிழில் கேட்டார்.

7

வேலாயியை எங்கே கண்டேன் என்று இப்போது சொல்லலாம். அதே பங்களாவின் பின் விறாந்தையில், மடியில் இரண்டு குட்டி, காலடியில் ஒன்று. மூன்றும் பக்கத்துத் தோட்டத்துத் துரைமார் அனுப்பியவை. டியூக் பெரிய நாயாகிப் படியில் படுத்திருந்தது. ஆறு வருடத்தில் பதினொரு குட்டி பழக்கியாயிற்று. மலைக்கு ஒரு நாளும் போகவில்லை. இந்த வேலைக்கு என்ன பெயர் என்று தெரியாமல் கிளாக்கர் இன்னும் வேலையாட்கள் பதிவேடான செக்ரோலில் "புல்லு" என்றே போடுகிறாராம். அதைச் சொல்லி அவர் சிரித்த சிரிப்பில் விறாந்தையே அதிர்ந்தது.

"துரை கேட்டதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"அத நீங்களே எழுதிக்குங்க. எழுதுறவரு தானே?" என்றார். பஸ்ஸுக்கு நேரமாகியது. எழும்பும்போது சொன்னார்: "ஒங்க குட்டி எதுமேல போகுதுன்னு பாருங்கய்யா. அப்புறம் அத அங்க வச்சது யாருன்னு பாருங்க."

திரும்பும் வழியில், பஸ்ஸில், கருவாட்டு மணத்துக்கு நடுவே, எனக்குப் பெட்டி நினைவுக்கு வந்தது. செய்தித்தாள் விரித்த பெட்டி! பிறந்த நாள் முதல் தாள்மேல் பழகிய குட்டி. அதன் கண்முன்னே அறை நிறையத் தாள் விரித்தவன் நான். என் கதைகளை அது இகழவில்லை. நான் காட்டிய இடத்தில் மரியாதையாகப் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் தரையிலிருந்த தாளெல்லாம் மேசைக்கு ஏறின. துரையின் கேள்விக்கு மூன்று முடிவுகள் எழுதினேன்.

முதலாவது: வேலாயி உள்ளதைச் சொன்னார். இரண்டு வாரமாகச் சாணி மெழுகிய ஹோலில் உட்கார்ந்து சுங்கான் குடித்திருக்கிறோம் என்று துரைக்கு விளங்க ஒரு நிமிடம் சென்றது. துரைசாணி சிரிக்கத் தொடங்கி நிறுத்த முடியாமல் போனார்.

இரண்டாவது: வேலாயி வாய் திறக்குமுன் கறுப்பையா தட்டோடு முன்னே வந்து, "மூணே நாளு தொர" என்றார். வேலாயி மறுக்கவில்லை. புகழ் அவருக்குப் போகட்டும், அறை எனக்கு மிஞ்சினால் போதும் என்று நின்றார்.

மூன்றாவது: வேலாயி எதுவும் சொல்லவில்லை. நனைந்த குட்டியைத் தூக்கித் துரைசாணியின் புதுக் கவுன்மேல் வைத்துவிட்டு, விளக்கு வைக்க நேரமாயிற்று என்று போய்விட்டார்.

மூன்று தாளையும் கொல்லையில் ஈரப்பலா மரத்தடியில் விரித்து, மூலைக்கொரு கல் வைத்தேன். குட்டி சோறு தின்று முடித்ததும் தூக்கிக்கொண்டு ஓடினேன். கமலம் இடுப்பில் கைவைத்துக் குசினி வாசலில் நின்றாள். குட்டி ஒன்றை மோந்தது, மற்றதை மோந்தது, சுற்றியது, ஒன்றின்மேல் இருந்தது. "என் ராசா!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். சந்தோசத்தில் அது போய் இன்னொன்றையும் கொஞ்சம் நனைத்தது.

காய்ந்திருந்த தாளைக் கமலம் குனிந்து எடுத்து, நின்றபடியே வாசித்தாள். அவள் என் எழுத்தில் ஒன்றை முழுதாக வாசித்து நான் கண்டது அன்றுதான்.

"உதுதான் சரி," என்றாள். "குட்டிக்கு விளங்கினது உங்களுக்கு விளங்கேல்லை." தாளை மடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

இன்றோடு பத்தொன்பது நாள். வீட்டுத் தரையில் ஒரு சொட்டு ஈரமில்லை. குட்டியைத் திருப்பிக் கொடுப்பது பற்றி ஒரு பேச்சும் இல்லை. நேற்று அது கமலத்தின் செருப்பின்மேல் தூங்கியது. அந்தத் தாள் எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும், அதில் எந்த முடிவு என்றும் தெரியும். சொல்லமாட்டேன். மூன்றும் மேலே இருக்கின்றன. உங்கள் வீட்டில் நாய்க்குட்டி இருந்தால் விரித்துப் பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களேதான் தேர்ந்தெடுக்க வேண்டும்.