மரப்பாதைக்கு அடியில்

ஏரிக்கரைக்கு வந்து சேர்ந்ததும் தவளை தன் சக்கர வண்டியைச் சட்டென்று நிறுத்தினாள். இன்றைய நாடகத்துக்காக மாதக்கணக்காக அவளும் கூட்டாளிகள் இருவரும் தவழ்ந்து பழகிய நாணல் சேற்றின் மேல், ஒரே ராத்திரியில், பூங்காக்காரர்கள் இடுப்பு உயரத்துக்குப் பலகையடித்துப் பாதை போட்டிருந்தார்கள்.

தவளை என்பது தெருப்பிள்ளைகள் கேலிக்கு வைத்த பெயர். இடுப்புக்குக் கீழே கால்கள் சொன்ன பேச்சு கேட்காது, கையூன்றித்தான் நகர்வாள். கேலிப்பெயரைப் பிடுங்கித் தனக்கே வைத்துக்கொண்டவள்.

நாடகமும் அவள் யோசனைதான். மேடை கிடையாது. பார்க்க வருகிறவர்களும் சேற்றில் உட்கார்ந்து, நகர்ந்து, நாணலுக்குள் கூடவே வர வேண்டும். காது கேளாத தையல்காரி கைஜாடையில் வழி சொல்வாள். கண் தெரியாத மேளக்காரர் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பதில் கொட்டுவார்.

"எப்படி நம்ம ஏற்பாடு?" பூங்காச் செயலாளர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். "உங்க வண்டியை நேரா நாடகம் போடுற இடத்துக்கே தள்ளிட்டுப் போய் இறக்கிடலாம். வர்றவங்களும் மேல நின்னு சௌகரியமா பாப்பாங்க."

"நாங்க கீழ, அவங்க மேலயா? மிருகக்காட்சிசாலையா சார் நடத்துறோம்?"

"உங்களுக்காகத்தானேம்மா செஞ்சோம்!"

"எங்களை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

புதுப்புடவையில் வந்திருந்த அம்மா முழங்கையால் இடித்தாள். "வாயை மூடுடி. ராணி மாதிரி வண்டியிலயே போயிட்டு வா. நீ ஊர்ந்து போறதை நாலு பேர் பாத்தா எனக்கு உசுரே போயிடும்."

விருந்தாளி வந்தால் மகளைத் தூக்கி நாற்காலியில் வைத்து, காலைப் போர்வையால் மூடுகிறவள் அம்மா. இன்றைக்கு அந்தப் பலகையில் ஏறினால் ஆயுசுக்கும் போர்வைதான்.

தவளை தையல்காரியைப் பார்த்து, பலகைக்கு அடியில் விரலைக் காட்டினாள். தையல்காரி கண்ணடித்து, அதையே மேளக்காரரின் உள்ளங்கையில் வரைந்தாள்.

வண்டியிலிருந்து சறுக்கி இறங்கினாள் தவளை. சேறு முழங்கை வரை ஜில்லென்று ஏறியது. எந்த இடம் வழுக்கும், எங்கே வேர் பிடி கொடுக்கும் என்று கைக்குத் தெரியும். மூன்று பேரும் பலகைக்கு அடியில் புகுந்துவிட்டார்கள்.

மேலே, நாடகம் பார்க்க வந்தவர்களின் காலடிகள் வந்து குழம்பி நின்றன. "எங்கப்பா போனாங்க?"

மேளக்காரர் கீழிருந்து பலகையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். யாரோ துள்ளிக் குதித்தார்கள்.

"நின்னுக்கிட்டு பாக்க ஒண்ணும் கிடையாது!" தவளை கத்தினாள். "பாக்கணும்னா கீழ இறங்கி வாங்க!"

 பிறகு ஒரு ஜோடிச் செருப்பு பலகையில் விழுந்தது. சளப். இன்னொரு சளப்.

"ஐயோ, என் இடுப்பு!" என்றது இறங்கியவர்களில் ஒரு கனத்த குரல்.

"எங்க இடுப்பு மட்டும் இரும்பா? வாங்க சார்!"

சேற்றுக்குள்ளே சிரிப்பு பரவியது. பலகையின் ஓரத்தில் அம்மாவின் முகம் தலைகீழாகத் தொங்கியது. "மானத்தை வாங்காதே. வெளிய வாடி!"

"மாட்டேன். நீ உள்ள வா."

"புதுப்புடவைடி!"

"தோய்ச்சுக்கலாம்."

அம்மா வரவில்லை. தவளை காத்திருக்கவுமில்லை. நாணலை விலக்கி முன்னேறினாள். பின்னால் நாலுகாலில் ஒரு கூட்டமே மூச்சு வாங்க வந்துகொண்டிருந்தது.

"நீங்களாவது கூப்பிடுங்கம்மா," மேலே செயலாளர் கெஞ்சுவது கேட்டது.

"நான் கூப்பிட்டு அவ என்னைக்கு வந்தா?" அம்மாவின் குரல் சீறியது. "வேணும்னா நீங்க ஊர்ந்து போய்க் கூப்பிடுங்க."