குல்பாரா சிபாரிசு செய்த கதை

தேநீர் ஊற்ற வைத்திருந்த பியாலாக் கிண்ணத்தை ஜன்னல் பக்கம் தூக்கி வெளிச்சத்தில் பார்த்த குல்பாராவின் கை அப்படியே நின்றுவிட்டது. கறை எதுவும் இல்லை. தம்பி மனைவி பெகிமாய் கழுவி வைத்த பியாலாவில் இந்த ஆறு வருடத்தில் ஒரு நாளும் கறை இருந்ததில்லை. இருந்தாலும், அம்மாவைப் பார்க்க வருகிற சனிக்கிழமைகளில் எல்லாம் குல்பாரா இப்படித் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் நீட்டுவாள். அது ஒரு பழக்கம், வேறொன்றுமில்லை என்றுதான் நினைத்திருந்தாள். நேற்றுக் காலை ஒரு கதையைச் சிபாரிசு செய்து அவளே எழுதிய வரி இப்போது ஞாபகம் வந்தது. "விண்கலத்தின் விளக்கடியில் கோப்பையைத் தூக்கிப் பார்க்கிறாளே அந்த நாத்தனார், அந்த ஒன்று போதும், அவளை ஆயுசுக்கும் வெறுக்கலாம்."

பியாலாவைக் கீழே வைத்துவிட்டு, தலை குனிந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த பெகிமாயைப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுப்பது குல்பாராவுக்குச் சம்பளத்துக்கான வேலை. உயிரை விடுவது கதைகளுக்காக. எதிர்காலக் கதை, மாயக்கதை என்று பித்துப் பிடித்த பிஷ்கெக்காரர்கள் மாதத்தில் ஒரு ஞாயிறு நூலக மாடியில் கூடுவார்கள். எழுதுகிறவர்கள் செயலாளர் ரெனாத்துக்குக் கதையை அனுப்ப, அவன் பேரை எடுத்துவிட்டு குல்பாராவிடம் கொடுப்பான். அவள் படித்துப் பார்த்து, இந்த மாதம் படிக்க வேண்டியவை இவை என்று மன்றத்தின் டெலிகிராம் பக்கத்தில் எழுதுவாள். அவள் வாயால் நல்ல பேர் வாங்குவது லேசில்லை என்று ஊருக்கே தெரியும். முதலிடம் கொடுத்த கதையை எழுதியவர் கூட்டத்துக்கு வந்தால் பேரை அறிவிப்பார்கள், அவரே எழுந்து நின்று வாசிப்பார். வராவிட்டால் பேர் வெளியே வராது. அடுத்த கதைக்குப் போய்விடுவார்கள். கூச்சப்படுகிறவர்களுக்காக வைத்த வழி அது.

இந்த மாதத்து முதல் கதை, தொலைதூர நட்சத்திரத்துக்குப் போகிற ஒரு குடும்பத்தைப் பற்றியது. கப்பல் என்னவோ புதுசு, வீடு பழைய வீடுதான். அங்கேயும் மருமகள் புருஷன் வீட்டுப் பெரியவர்களின் பேரை வாயால் சொல்லக் கூடாது. காற்று கசிகிற அறையில் அவள் மாட்டிக்கொள்கிறாள். மாமனாரின் பேரைச் சொன்னால்தான் கதவு திறக்கும். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற நாத்தனார், "அந்த அளவுக்குத் துணிஞ்சிட்டாளான்னு பாக்கலாம்" என்று காத்திருக்கிறாள். அதைப் படித்துவிட்டு குல்பாரா அழுதிருந்தாள். மருமகளுக்காக அழுதாள், நாத்தனாரைத் திட்டித் தீர்த்தாள்.

பெகிமாயின் கைபேசி அடித்தது. பார்சல் கொண்டுவந்தவன் யார் பேருக்கு என்று கேட்டான் போலிருக்கிறது. மாமியாரின் பேரைச் சொல்ல முடியாமல் அவள் கைபேசியை குல்பாராவிடம் நீட்டினாள். குல்பாரா அம்மாவின் பேரைச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் நடக்கும். இந்தத் தடவை சொல்லும்போது நாக்கு ஒட்டிக்கொண்டது.

பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ரெனாத்தைக் கூப்பிட்டாள். ஊரே குளிருக்கு எரிக்கிற கரிப்புகை மூக்கை அடைத்தது.

"ரெனாத், முதல் கதைய மாத்திக்கலாமா?"

"இப்பவா? ஏன் எஜே?" வயதில் மூத்தவள் என்பதால் அவனுக்கு அவள் எஜே, அக்கா.

"கொஞ்சம் மிகையா எழுதின மாதிரி இருக்கு."

"எது?"

"அந்த நாத்தனார்."

"அட, எல்லாருக்கும் பிடிச்சதே அவளத்தான் எஜே. உங்கக்காவ நேர்ல பாத்த மாதிரி இருக்குன்னு என் பொண்டாட்டி ரெண்டு நாளா சிரிக்கிறா. மிகையே இல்லன்னு நீங்கதான எழுதினீங்க?"

அவள் கைபேசியை வைத்துவிட்டாள். நாளைக்குக் கூட்டத்தில் பெகிமாயின் பேரை அறிவித்தால் மண்டபத்தில் எல்லோரும் திரும்பித் தன் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அது போகட்டும். அம்மாவுக்கும் தம்பிக்கும் விஷயம் போகும். வீட்டு விவகாரத்தைச் சந்தியில் வைத்தவள் என்று பெகிமாயைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பினாலும் அனுப்புவார்கள். இந்த இரண்டு பயத்தில் எது பெரியது என்று யோசிக்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

உள்ளே வந்தபோது பெகிமாய் மாமியாரிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். "அபா, நாளைக்கு மத்தியானம் கொஞ்ச நேரம் வெளிய போயிட்டு வரட்டுமா?"

"நாளைக்கா? நரின்லேருந்து ஆளுங்க வராங்கன்னு சொன்னேன்ல. அவங்களுக்கு யாரு டீ ஊத்துவா, பக்கத்து வீட்டுப் பூனையா?"

பெகிமாய் தலையாட்டிவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள். குல்பாராவுக்கு மூச்சு வந்தது. ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும், நாளைக்குப் பேர் வெளியே வராது. எண்ணெயில் பொரித்த போர்சோக் ஒன்றை எடுத்துக் கைமாக் பாலாடையில் தோய்த்தாள். வாயில் வைக்காமல் தட்டிலேயே வைத்தாள். எழுந்து சமையலறைக்குப் போனாள்.

"நீதானா?"

பெகிமாய் குழாயை மூடவில்லை. "பேரில்லாமத்தான அனுப்பினேன், எஜே."

"நான்தான் படிப்பேன்னு தெரியும்ல?"

"தெரியும். உங்கள மாதிரி யாரும் படிக்க மாட்டாங்க. அதான் அனுப்பினேன்." ஒரு பியாலாவை அலசிக் கவிழ்த்தாள். "அது நீங்கன்னு கண்டுபிடிப்பீங்கன்னு நினைக்கல. நேத்து நீங்க எழுதினதப் பாத்துட்டு, நல்லவேளை தெரியலன்னு நிம்மதியா இருந்தேன்."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. குல்பாரா அறைக்குத் திரும்பி அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அபா, நாளைக்கு நான் வந்து டீ ஊத்தறேன். அவ போயிட்டு வரட்டும்."

"நீயா? உன் கிறுக்குக் கூட்டம் என்ன ஆச்சு? கால் சுளுக்கினப்பகூட நொண்டிக்கிட்டே போனவளாச்சே."

"இந்த மாசம் போகல."

நல்ல மனசால் மட்டும் சொன்னாள் என்று சொல்ல முடியாது. அந்தக் கதை வாசிக்கப்படும்போது மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிற தைரியம் அவளுக்கு இல்லை. இதைவிட நல்ல ஒளிவிடம் எங்கே கிடைக்கும்?

ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள். நரின் அத்தைகள் தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் அடுத்ததுக்கு நீட்டினார்கள். பேராசிரியை மாதிரி இருக்கிறவள் கெட்டிலோடு அலைகிறாளே, மருமகள் எங்கே என்று ஒருத்தி கேட்க, அம்மா ஏதோ சொல்லிச் சமாளித்தாள். சமையலறையில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தபோது ரெனாத் கூப்பிட்டான்.

"வந்துட்டாங்க எஜே. நீங்க கேக்கணுமாம், இல்லன்னா வாசிக்க மாட்டாங்களாம். போன மேசைமேல வெக்கறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவன் நகர்ந்துவிட்டான். கைபேசியை ஜன்னல் விளிம்பில் சாய்த்து வைத்து, ஒலியைக் கூட்டினாள். முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். இந்த வீட்டில் இத்தனை வருடமாக அவள் கேட்டதெல்லாம் குனிந்த தலையிலிருந்து வருகிற பேச்சு. ஆகட்டும் அபா, சரி எஜே. இந்தக் குரலுக்கு அவசரமே இல்லை. ஒரு சொல்லை முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மண்டபத்தில் ஒருவரும் இருமவில்லை. குல்பாராவுக்குக் கண் கலங்கியது, பயமும் கூடவே ஏறியது.

"யாருடி அது அங்க?" என்று அம்மா அறையிலிருந்து கேட்டாள். "நல்லா கணீர்னு படிக்கிறாளே. ரேடியோவா? கதவத் திறந்து வை, எல்லாரும் கேக்கட்டும்."

இன்னும் ஒரு பக்கத்தில் நாத்தனார் வந்துவிடுவாள். குல்பாரா ஒரு கையில் கெட்டிலோடு இன்னொரு கையில் கைபேசியை எடுத்தாள். கட்டைவிரல் அழைப்பைத் துண்டிக்கிற சிவப்புப் பொத்தானுக்கு மேலே நின்றது. அறையில் அத்தைகளின் பேச்சு ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டு வந்தது.