காப்பாரில் ஒரு புள்ளி

தொண்ணூற்றேழில் கம்ப்யூட்டர் வரும்வரை, கிள்ளானிலிருந்து கிளம்பினால் எந்த வழி, எந்தக் கடைக்கு முதலில் சரக்கு என்பதெல்லாம் லோரி டிரைவர்கள் எங்கள் இஷ்டம்தான். நாகையா அண்ணன் எப்படிச் சுற்றினாலும் உச்சி வேளையில் காப்பாரில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்துவிடுவார். பக்கவாதத்தில் கிடக்கும் வீரம்மா அண்ணிக்குக் கஞ்சி ஊட்டிவிட்டுத் திரும்ப லோரி ஏறுவார். பிள்ளைகள் இல்லை.

அப்புறம் ஆபீஸ் மேசையில் திரை வந்தது. ஊரெல்லாம் அதில் கோடுகோடாகத் தெரியும். யார் எங்கே, எந்த வரிசையில் என்று அதுவே முடிவு செய்து காகிதம் அடித்துத் தரும். மீறிப் போனால் மீட்டர் காட்டிக்கொடுத்துவிடும். அண்ணனுக்குக் காப்பார் பக்கமே போகாத பிரிக்பீல்ட்ஸ் வழி வந்தது.

ஆபீஸ் பிள்ளை சந்திரகலாதான் இரக்கப்பட்டது. வரைபடத்தில் அண்ணன் வீடு இருக்கும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, கடை என்று பதிந்தது. கம்ப்யூட்டர் அதை அண்ணன் வழியில் சேர்த்து, காலையிலேயே முடிக்கச் சொன்னது. அதுதான் பக்கமாம்.

"இதுக்கு வயிறு இல்ல லா. பகல் பன்னெண்டுக்குத்தான் கடை தொறப்பாங்கன்னு போடும்மா," என்றார் அண்ணன்.

போட்டது. டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும், முதலாளிக்கு மட்டும் தெரியாது.

ஒருநாள் புதுக் கடைகள் சேர்ந்தன. கம்ப்யூட்டர் எல்லா வழியையும் கலைத்துப் போட்டது. சரக்கு ஏற்றிய பிறகுதான் காகிதம் கைக்கு வந்தது. அண்ணனுக்குச் சுங்கை பூலோ. காப்பார் புள்ளி என் காகிதத்தில்.

"மாத்திக்கலாமே அண்ணே."

"சரக்கு ஏறிடுச்சே வாசு. கஞ்சி அடுப்பு மேல இருக்கு. நீயே ஊட்டிவுட்டுடு தம்பி."

போனேன். வாசலில் சத்தம் கேட்டதும் அண்ணி சிரித்த முகமாகத் திரும்பினார். என் சட்டையைப் பார்த்ததும் அந்த முகம் செத்துப்போனது. பகலில் கம்பெனிச் சட்டையோடு வேறொரு டிரைவர் வந்து நின்றால், லோரிக்காரன் பெண்டாட்டிக்கு ஒரே அர்த்தம்தான். அது அண்ணனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

"எங்க வச்சு அடிபட்டாரு?" குழறலாகக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல அண்ணி. அண்ணன் சுங்கை பூலோ போயிருக்காரு. கம்ப்யூட்டர் வழிய மாத்திடுச்சி."

"மறைக்காத தம்பி. ஒடம்பு முழுசா கெடைச்சுதா?"

சாமி மேல் சத்தியம் செய்தேன். கரண்டியை வாயருகே கொண்டுபோனேன். உதட்டைத் திறக்கவில்லை. கஞ்சி கழுத்தில் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

பக்கத்துக் கடைக்கு ஓடி ஆபீசுக்குப் போன் போட்டேன். அண்ணனைப் பிடிக்க முடியாது என்றது சந்திரகலா. அவர் போகவேண்டிய வழி திரையில் தெரிகிறதாம். அவர் தெரியவில்லையாம். எனக்கும் அடுத்த கடைக்கு நேரமாகிவிட்டது. போய்விட்டேன்.

மறுநாள் காலையில் அண்ணன் கண் வீங்கி வந்தார்.

"அசையற ஒரு கையால நெத்திய தேச்சித் தேச்சிப் பொட்ட அழிச்சிருக்கா வாசு. தோலு செவந்து கெடந்துச்சி. நான் குங்குமம் வச்சேன். அதையும் அழிச்சிட்டா."

"அண்ணே, நேர்ல பாத்துமா?"

"ஆவியா வந்திருக்கேன்னு நெனக்கிறா."

லோரிச் சாவியை மேசையில் வைத்தார். சந்திரகலா அழுதது.

"நீ நல்லதுக்குத்தான் செஞ்சம்மா. பகல் முழுக்க அவ கண்ணு முன்னால உக்காந்து பாக்கறேன்," என்றார். "என்னிக்காவது நம்புவா."