ஒன்பதாம் நம்பர் வீட்டுக் குப்பை

ஒரு வீட்டில் நடப்பது அந்த வீட்டு வேலைக்காரிக்குக்கூடத் தெரியாமல் போகலாம், குப்பை பொறுக்குகிற எனக்குத் தெரியாமல் போகாது. ஜோகன்னஸ்பர்க்கில் பதினோரு வருடமாக வண்டி இழுக்கிறேன். எந்த வீட்டில் ஒளித்துக் குடிக்கிறார்கள், எந்த வீட்டில் யாபாரம் நொடித்துப்போனது, யாருக்குப் பல்செட், எல்லாம் தொட்டி மூடியைத் தூக்கினால் தெரிந்துவிடும். ஆனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. தொட்டியில் பார்த்ததைத் தெருவில் பேசக் கூடாது. பேசினவன் தெருவை இழந்தான் என்று அர்த்தம்.

என் தெரு செவ்வாய்க்கிழமைத் தெரு; அன்றைக்குத்தான் அங்கே குப்பைத் தொட்டிகளை வெளியே வைப்பார்கள். முனையில் கேட், கேட்டுக்கு ஷிங்கி என்று ஒரு காவல்காரன். குப்பை பொறுக்குகிறவர்களை உள்ளே விடவே கூடாது என்று தெருக்காரர்கள் கூட்டம் போட்டபோது, “மாலினேயோ அக்காவ மட்டும் விடுங்க, அவங்களுக்கு நான் பொறுப்பு” என்று எழுந்து நின்றவள் ஒன்பதாம் நம்பர் வீட்டு ஸிம்கீதா. அவள் ஒருத்தி சொல்லில்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அவள் தொட்டியில் ஆறு வருடமாக மாதம் ஒருமுறை ஒரு சின்ன அட்டைப்பெட்டி வரும். கர்ப்பமா இல்லையா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்கிற சாமானின் பெட்டி. அதை நாலாகக் கிழித்து, சோளமாவுப் பைக்குள் திணித்து வைத்திருப்பாள். அட்டை என்றால் நான் பிரித்துப் பார்க்காமல் விடுவேனா? பார்த்து, மனசு கனத்துப் போவேன்.

இந்த முறை மழை தொடங்கியதும் ஒரே வாரத்தில் மூன்று பெட்டிகள் வந்தன. அப்புறம் பெட்டியே இல்லை. ஒயின் பாட்டில் நின்றது. காப்பி டின் நின்றது. இஞ்சி சோடா டப்பாக்களும் உப்பு பிஸ்கட் உறைகளுமாக வந்து விழுந்தன. யாரும் பார்க்காத நேரத்தில் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒரு ஆட்டம் போட்டேன். வாயைத் திறக்கவில்லை.

ஐந்தாவது செவ்வாய் அவள் புருஷன் லுவூயோ தொட்டியை இழுத்துக்கொண்டு வந்தான்.

“ஸிம்கீதா எங்க தம்பி?”

“ஒடம்பு சரியில்லக்கா. மீன் ஒத்துக்கல போல, வாந்தியா எடுக்குறா. மருந்துக்கடை தெறந்ததும் வயித்தச் சுத்தமா கழுவுற மாதிரி ஏதாச்சும் வாங்கி ஊத்திடலாம்னு இருக்கேன்.”

என் வாயை யார் பிடிப்பது? “அட மடப்பயலே! மீனாவது மண்ணாங்கட்டியாவது! புள்ளத்தாச்சிக்குப் பேதி மருந்தா குடுப்ப?”

“யாரு புள்ளத்தாச்சி?”

“உன் பொண்டாட்டிதான்! அஞ்சு வாரமா ஒயின் பாட்டில் வரல, காப்பி டின் வரல. குப்பைய வச்சே எனக்குத் தெரியுது. கூடவே படுத்திருக்க, உனக்குத் தெரியலையா?”

தொட்டி அவன் கால்மேலேயே விழுந்தது. அவனுக்கு உறைத்ததாகத் தெரியவில்லை. அவனுக்குப் பின்னால் வாசலில் ஸிம்கீதா நின்றிருந்தாள்.

“முன்னாடி ரெண்டு தடவ தங்காம போச்சு” என்றாள் என்னைப் பார்த்து. “மூணு மாசம் தாண்டட்டும்னு அவர்கிட்டகூடச் சொல்லாம பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். என் குப்பையப் பாத்துட்டு நீங்க சொல்றீங்க.”

கதவு சாத்தப்பட்டது. அவ்வளவுதான், தெரு போச்சு என்று நினைத்தேன்.

குப்பை பொறுக்குகிறவர்கள் எல்லாரும் கூடுகிற மைதானத்தில் என் புருஷன் லெபோனா பாட்டில்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

“பதினோரு வருஷம் கட்டிக் காத்த வாய ஒரே நிமிஷத்துல அவுத்து விட்டுட்டியேடி!”

“பேதி மருந்து குடுக்கப் போறான்யா!”

“டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போன்னு சொல்லிட்டு வந்திருக்கலாம்ல?”

அது எனக்குத் தோன்றவேயில்லை. அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ஏன் அழுகிறாய் என்று கேட்ட ஒவ்வொருவரிடமும் ஆதியோடந்தமாகச் சொல்லிச் சொல்லி அழுதேன்.

அடுத்த செவ்வாய் ஷிங்கி கேட்டைத் திறக்கவில்லை.

“ஒம்பதாம் நம்பர்ல உன்ன நிறுத்தி வைக்கச் சொல்லிருக்காங்க.”

ஏழு மணிக்கு நகராட்சி லாரி வந்துவிடும். அது வந்து தொட்டிகளைக் கவிழ்த்துவிட்டால் எனக்கு ஒரு டப்பாகூட மிஞ்சாது. ஆனால் அன்றைக்கு என் கவலை லாரி இல்லை. ஸிம்கீதா போர்வையைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தாள்.

“அந்தச் சின்னப் பெட்டி. அதையும் இத்தன வருஷமா பாத்திருக்கீங்க இல்ல?”

“பாத்திருக்கேன்.”

“பாத்துட்டு என்ன பண்ணுவீங்க?”

பொய் சொல்லிப் பயனில்லை. “உன் தொட்டி மூடியச் சத்தம் வராம மூடுவேன். எப்பவும் பாடிட்டேதான வண்டி இழுப்பேன், அன்னைக்குப் பாட மாட்டேன். அதுக்கு மேல எனக்கென்ன தெரியும்மா?”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

“ஆறு வருஷமா தனியா அழுதேன்னு நெனச்சிட்டிருந்தேன்க்கா” என்றாள்.

கேட்டுக் கம்பிக்கு அந்தப் பக்கம் அவளும் இந்தப் பக்கம் நானுமாக மூக்கைச் சிந்தினோம்.

“அவரு இப்ப என்னத் தரையில நடக்க விடமாட்டேங்குறாரு. சரி, வேற யாருக்கும் தெரியக் கூடாது. யார்கிட்டயும் சொல்லலையே?”

நான் ஆகாயத்தைப் பார்த்தேன்.

“அக்கா?”

“யார்கிட்டயும் சொல்லல. எங்க மைதானத்துல இருக்குற நாப்பது பேருக்குத்தான் தெரியும்.”

“நாப்பதா!”

“கோவிச்சுக்காத. தெனமும் உனக்காக ஜெபம் பண்றாங்க. புள்ளைக்குப் பதினாலு பேரு வேற எடுத்து வச்சிருக்காங்க.”

அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. திட்டப் போகிறாள் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அவளோ கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். என்னமோ ஏதோவென்று லுவூயோ செருப்பில்லாமல் ஓடி வந்தான்.

“ஷிங்கி, கேட்டத் தொற” என்றாள். “என் புள்ள வளந்து தொட்டிய இழுத்துட்டு வர்ற வரைக்கும் இவங்கள இங்க யாரும் நிறுத்தக் கூடாது. அக்கா, அந்தப் பேரெல்லாம் சொல்லுங்க.”

சொல்ல ஆரம்பித்தேன். மூன்றாவது பேரில் லாரி தெருவுக்குள் நுழைந்தது.

“ஐயோ, லாரி வந்துருச்சு. போங்கக்கா!”

“சும்மா இரு, இன்னும் பதினொண்ணு இருக்கு.”

முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை லாரி எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டு போனது. என் பாட்டில், என் அட்டை, ஒரு வாரத்துச் சோறு. நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எட்டாவது பேரை இன்னொரு முறை சொல்லச் சொல்லி ஷிங்கி கேட்டான், அவனுக்காகத் திரும்பவும் சொன்னேன்.