ஈர விரல் மாணவி

தாயாரம்மாளுக்கு இரண்டு பள்ளிக்கூடம். ஆனால் ஒன்றில் படிப்பது மற்றதின் வாத்தியாருக்குத் தெரியாது.

ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் கேன்டீனில் பாத்திரம் தேய்க்கிற வேலை அவளுக்கு. ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் மதிய ஷிப்ட். காலை ஷிப்ட் வாரத்தில், சாயங்காலம் பென்னலூரில் செந்தாமரை டீச்சர் பெரியவர்களுக்கு நடத்துகிற வகுப்புக்குப் போய்விடுவாள். மதிய ஷிப்ட் வாரத்தில் டீச்சர் பாடம் நடத்துகிற நேரம் இவள் கை சாம்பார் அண்டாவுக்குள் இருக்கும். மற்றப் பெண்கள் அந்த வாரம் படிப்பைத் தலைமுழுகிவிட்டுத் தூங்குவார்கள். தாயாரம்மாள் மட்டும் விசாரித்து விசாரித்து, ஒரகடத்தில் சர்ச்சுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஜெபகுமார் சார் காலை வகுப்பு நடத்துவதைக் கண்டுபிடித்து, அங்கேயும் போய்ப் பேர் கொடுத்துவிட்டாள்.

அவசரத்துக்குக் காரணம் கம்பெனி பஸ். எல்லாம் ஒரே வெள்ளை. நெற்றியில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாமல் ஒருமுறை வேறு கம்பெனி பஸ்ஸில் ஏறி, அசதியில் தூங்கிப்போய், முன்பின் தெரியாத ஒரு கேட்டில் போய் இறங்கினாள். அங்கிருந்த செக்யூரிட்டி சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுத்தார். டீ நன்றாகத்தான் இருந்தது. அவர் சிரிப்புதான் தொண்டையில் இறங்கவில்லை.

இரண்டு வகுப்பு சமாசாரம் ராஜம்மாவுக்கு மட்டும் தெரியும். பக்கத்துத் தொட்டியில் பாத்திரம் தேய்ப்பவள். பென்னலூர் வகுப்பிலும் கூட உட்காருபவள்.

"ரேசன் கார்டு ரெண்டு வெச்சிகினு இருந்தா இன்னா பண்ணுவாங்க? ரெண்டுலயும் பேர அடிச்சிடுவாங்க. உனுக்கும் அதான், பாத்துக்க" என்று பயம் காட்டி வைத்திருந்தாள். அதனால் தாயாரம்மாள் இங்கத்துப் பேச்சை அங்கே எடுக்கமாட்டாள். ஒரு வகுப்பு போனால் பாதி எழுத்து போச்சு. பஸ்ஸின் நெற்றியும் பாதிதான் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் செந்தாமரை டீச்சர் போனைக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ம வகுப்பைப் பத்தி என் வலைப்பூவுல எழுதியிருக்கேன்" என்றார்.

"இன்னா பூ டீச்சர் அது? மொழம் எவ்ளோ?" என்றாள் ராஜம்மா.

"தலையில வைக்கிறதில்லம்மா. நான் போன்ல எழுதி வைப்பேன். யார் வேணா படிக்கலாம், கீழேயே பதிலும் எழுதலாம். நான் இங்க தனியா முட்டிக்கிட்டு நிக்கிறதுக்கு எங்கெங்கயோ இருக்கிற டீச்சருங்க யோசனை சொல்றாங்க. கேளுங்க."

டீச்சர் படித்தார்: 'எங்கள் வகுப்பில் ஓர் அம்மா. ஒரு வாரம் வரமாட்டார். திரும்பி வரும்போது நான் நடத்தாததையும் சேர்த்துப் படிக்கிறார். எழுத்தை முதலில் கற்றுத்தரும் என் முறைக்குக் கிடைத்த வெற்றி இது. பாட்டில் மூடித் தண்ணீரில் விரலைத் தொட்டு மேஜையில் எழுதிப் பார்த்துவிட்டுத்தான் தாளில் எழுதுவார்.'

எல்லாத் தலையும் தாயாரம்மாள் பக்கம் திரும்பியது. அவள் விரலை முந்தானையில் ஒளித்தாள்.

"ஒரகடத்துலேர்ந்து ஜெபகுமார்னு ஒரு சார் சண்டைக்கே வந்துட்டார்" என்று டீச்சர் மேலே படித்தார்: 'முழுச் சொல்லாகக் கற்றுத்தருவதுதான் சரி, மேடம். என்னிடமும் ஓர் அம்மா படிக்கிறார். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்தான் வருகிறார். ஈர விரலால்தான் எழுதுகிறார். ஆனால் என் முறையில் பறக்கிறார்!'

ராஜம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"ரெண்டு ஊர்லயும் ஒரே பழக்கம் பாருங்க!" டீச்சருக்கு ஒரே வியப்பு. "இதைப் படிச்சுட்டு தூத்துக்குடியில ஒரு டீச்சர் ஒண்ணாங்கிளாஸ் பசங்களை ஈர விரலால பலகையில எழுத விட்டாங்களாம். தப்பானா அழிச்சுக்கலாம்னு இப்ப பயப்படாம எழுதுதுங்களாம். சரி, தாயாரம்மா, அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த சார் அவர் வகுப்புல படிக்கிற அந்த அம்மாவைக் கூட்டிக்கிட்டு இங்க வரார். நான் உங்களை உக்கார வைக்கிறேன். யார் முறை நல்லதுன்னு பாத்துடலாம்."

மறுவாரம் ஒரகடத்தில் ஜெபகுமார் சார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கிழமை பென்னலூர் வரைக்கும் வந்துடும்மா. அந்த மேடத்துக்கு நாம யாருன்னு காட்டிடணும்."

அன்றைக்கு மதியம் தேய்த்த அண்டாவையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள்.

"இப்ப இன்னாடி பண்ணப் போற?" என்றாள் ராஜம்மா. "இந்தப் பக்கம் எழுதிட்டு, வேற பொடவ கட்டிகினு அந்தப் பக்கம் குந்துவியா?"

"வாய மூடு."

"ஜொரம்னு சொல்லிடு."

"எந்த கிளாசுக்கு ஜொரம்?"

இருவருமே சிரித்துவிட்டார்கள். சிரித்து ஓய்ந்தபோதுதான் தாயாரம்மாளுக்கு அந்த யோசனை வந்தது. கீழே யார் வேணா எழுதலாம் என்று டீச்சர்தானே சொன்னார்?

டீ நேரத்தில் கேன்டீன் பின்பக்கம் உட்கார்ந்து போனைத் திறந்தாள். டீச்சர் எல்லாருக்கும் அனுப்பி வைத்த பக்கம்தான். மேஜை, தாள் மாதிரி இல்லை போன். ஈர விரல் பட்டால் வேறெங்கோ ஓடிற்று. புடவையில் துடைத்துத் துடைத்து, எழுத்தெழுத்தாகத் தேடி வைத்தாள். டீ ஆறி ஏடு கட்டிவிட்டது.

'டீச்சருக்கும் சாருக்கும் வணக்கம். ரெண்டு பேர் சொல்ற அம்மாவும் நான்தான். டீச்சர் எழுத்து சொல்லிக் குடுத்தாங்க. சார் சொல்லு சொல்லிக் குடுத்தார். ரெண்டும் சேந்துதான் படிப்பு வந்தது. எதுலயும் என் பேர அடிக்காதீங்க. ஞாயித்துக்கிழமை நான் ஒரு ஆளாத்தான் வர முடியும். எந்தப் பக்கம் உக்காரணும்னு சொல்லுங்க. தாயாரம்மாள்.'

ஷிப்ட் முடிந்து பார்த்தால் சாரின் பதில் வந்திருந்தது: 'மேடம், நாம ரெண்டு பேரும் ஃபெயில்!' அதற்கும் கீழே டீச்சர்: 'இல்லை சார், ரெண்டு பேரும் பாஸ். அம்மா, நடுவுல உட்காருங்க.'

ஞாயிற்றுக்கிழமை போட்டி நடக்கவில்லை. டீச்சரும் சாரும் அவளை நடுவில் உட்கார வைத்துக்கொண்டு பேசி முடித்தார்கள். அவரவர் பாடம் எதில் நின்றது என்று சனிக்கிழமைதோறும் வலைப்பூவில் எழுதிவிடுவது, ஷிப்ட் மாறுகிற எல்லாப் பெண்களும் எங்கே தோதோ அங்கே போய் விட்ட இடத்திலிருந்து தொடர்வது. கம்பெனியில் ஒரு ஷிப்ட் போகும்போது அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிவிட்டுப் போகிற மாதிரிதான்.

எல்லாம் முடிந்து எழுந்தபோது, வாசலில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ராஜம்மா உள்ளே வந்தாள்.

"சார், எனுக்கும் அந்த ரெண்டாவது கார்டு போட்டுடு சார்."